அழித்த படமும் நாற்பத்திரண்டு பேரும்

முதலில் கழுத்தில் தொங்குகிற அந்தப் பெரிய கேமராவைக் கழற்றி மேசையில் வையுங்கள், தம்பி தங்கைகளே. பார்க்கிற எனக்கே கழுத்து வலிக்கிறது. கெடா மாநிலத்தின் தெற்குப் பக்கத்துக்குப் பகுதி நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி ஆசிரியர் பிரிவில் கேட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை கொஞ்சம் கம்மி. எனக்கு வாய் நீளம் என்பது கூலிம் முழுக்கத் தெரியும். அதனால் புத்திமதி சொல்லாமல், ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைசிப் பத்து வருடம் நான் வைத்திருந்தது சின்னக் கேமரா. கைப்பையில் குடைக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவில் கிடக்கும். அளவில் சோப்பு டப்பா மாதிரிதான். ஆனால் லென்ஸ் முப்பது மடங்கு இழுக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற காடியின் எண் பலகையைக்கூட இந்தப் பக்கமிருந்து படித்துவிடலாம். அதை வெளியே எடுத்தால் போதும், சக நிருபர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "ரீத்தாக்கா, பெரிய கேமரா சாப்பாட்டுக்குப் போயிருக்கா?" நானும் சும்மா விடமாட்டேன். "ஆமாப்பா, உன் மூளையும் கூடவே போயிருக்கு, ரெண்டும் சேந்து வரும்" என்பேன்.

நானும் ஒரு காலத்தில் பெரிய கேமராதான் தூக்கினேன். அதை விட்டதற்குக் காரணம் பண்டார் பாருப் பக்கம் ஒரு தோட்டம். லயத்து வீடுகளில் இரண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று தகவல் வந்து போனேன். கொல்லையில் ஒரு அம்மா ஒரே ஒரு வாளித் தண்ணீரில் அரிசி களைந்து, அதே தண்ணீரில் கீரை அலசி, அதையே எடுத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் செய்தி. அதுதான் படம். நான் கேமராவைத் தூக்கினேன். அவ்வளவுதான், அந்த அம்மா, "ஐயையோ, இருங்கம்மா!" என்று உள்ளே ஓடிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துப் பட்டுச்சேலை, பவுடர், தலை நிறையப் பூவோடு வந்து, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பது போல நின்றார். கூடவே அக்கம்பக்கத்தில் ஆறு பேர். தண்ணீர் இல்லாத வீட்டைப் படம் எடுக்கப் போய்க் கல்யாண வீட்டுப் படத்தோடு திரும்பினேன். ஆசிரியர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நம் சனங்களைக் குறை சொல்லவில்லை. கஷ்டத்தை ஊர் பார்க்கக் கூடாது என்ற ரோசம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பெரிய கேமராவைப் பார்த்தால் அந்த ரோசம் எழுந்து நின்றுவிடும். சின்னக் கேமராவை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த அவமரியாதைதான் எனக்கு வேண்டியிருந்தது. நிகழ்ச்சிகளிலும் அப்படித்தான். பெரிய கேமரா வைத்திருக்கிறவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தொகுதி வை.பி. மாலை போட்டுக்கொள்வது, டத்தோ பட்டம் வாங்கினவர் சால்வை போர்த்துவது, நினைவுச் சின்னத்தை எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு சிரிப்பது, அதோடு அன்றைய பொழுது முடிந்தது. என்னை எவரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. நான் பாட்டுக்குக் கூட்டத்துக்குள் திரிவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கோயில் திருவிழா. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் கெடாவில் எந்தத் திருவிழா என்றாலும் நான் அங்கே இருப்பேன். காலை ஏழு மணிக்கே மைதானத்தில் பேருந்துகள் வரிசையாக நின்றன. பாடாங் செராய்ப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த பேருந்திலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேரும் மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. ஒரே மாதிரி, ஒரே கடையில் மொத்தமாக எடுத்தது. திருவிழாவுக்குக் குழுவாகப் போகிறவர்கள் இப்படிச் செய்வது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

அவர்களில் செல்வி என்ற பெண் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். கூலிமில் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள்.

"பசியாறிட்டீங்களா அக்கா?"

"ஆச்சும்மா. என்ன, எல்லாரும் ஒரே சேலை?"

"அதுவா? கூட்டத்துல யாரும் தொலைஞ்சி போகக் கூடாதுன்னுதான்லா அக்கா. மஞ்ச சேலைய பாத்துப் பின்னாலேயே வந்தா போதும். அம்மாகிட்டயும் வீட்லேருந்தே அதத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன்."

அம்மாவின் பெயர் பாக்கியம். ஐம்பத்திரண்டு வயதுதான். எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிப் பெண்ணைப் படிக்கவைத்தவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வது புரியும், திரும்பி ஒரு சொல் வராது. போதாததற்குச் சீனி வியாதி வேறு. மதியச் சாப்பாடும் மாத்திரையும் தள்ளிப்போனால் மயக்கம் வந்துவிடும் என்றாள் செல்வி. அதற்காகவே பையில் ரொட்டியும் மாத்திரையும் வைத்திருந்தாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாக்கியம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெயில். கண்ணில் அப்படி ஒரு ஆனந்தம். ஒரு படம் எடுத்துவிட்டேன். செல்வி எட்டித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, இத அழிச்சிடுங்க."

"ஏம்மா? எவ்ளோ அழகா இருக்காங்க!"

"துண்டோட இருக்காங்க அக்கா. துண்டு இல்லாம எடுக்கலாம், இருங்க."

அப்போதுதான் பார்த்தேன். பாக்கியத்தின் இடது தோளில் நீலநிறச் சின்னத் துண்டு ஒன்று ஊக்கால் குத்தியிருந்தது. வாயின் ஒரு ஓரம் தொங்கிப்போனதால் எச்சில் வழியும். துடைப்பதற்கு அந்தத் துண்டு. படம் எடுக்கும்போதெல்லாம் செல்வி அதைக் கழற்றி ஒளித்துவிடுவாளாம். நல்ல படம், எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் அவள் கண்ணெதிரிலேயே பொத்தானை அழுத்தினேன். "அழிக்கவா?" என்று கேமரா கேட்டது. அந்த ஒரு நொடி படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். பிறகு அழித்தேன். இதில் மட்டும் கறாராக இருங்கள், பிள்ளைகளே. அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வீட்டில் போய் ரசிக்கிற வேலை நமக்கு வேண்டாம். அப்புறம் துண்டைக் கழற்றி, தலை சீவி, அம்மாவும் மகளும் நின்ற படம் ஒன்று எடுத்தேன். அதில் கோபுரமும் இல்லை, ஆனந்தமும் இல்லை. படம் முடிந்ததும் துண்டு திரும்பத் தோளுக்குப் போனது.

பதினொன்றரை மணி இருக்கும். மண்டபத்து மாடிக்கு ஏறி, லென்ஸை இழுத்தும் சுருக்கியும் மைதானத்தைப் படம் எடுத்தேன். தண்ணீர்ப் பந்தல், செருப்புக் குவியல், கிளம்புகிற பேருந்துகள், கையில் பிரசாதத்தோடு நடக்கிற சனம். பத்திரிகைக்கு ஆகாத படங்கள். எனக்கு அப்படி எடுப்பது பழக்கம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது. "மஞ்சள் சேலை, சிவப்புக் கரை கட்டிய பாக்கியம் என்கிற அம்மாவைக் காணவில்லை. பார்த்தவர்கள் உடனே தகவல் மேடைக்கு வரவும்." மைதானத்தில் பாதிப் பேர் தங்கள் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் பாடாங் செராய்க்காரர்கள் மட்டும் அல்ல, இன்னும் இரண்டு தோட்டத்துப் பெண்களும் அதே சேலை கட்டியிருந்தார்கள். துணிக்கடைக்காரர் வாங்கின மஞ்சளையெல்லாம் கெடா முழுக்க விற்றுத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது.

நான் தகவல் மேடைக்கு ஓடினேன். செல்வி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்னதானம் வாங்கக் கூட்டம் நெரிந்ததாம். அம்மாவைப் பந்தல் ஓரம் உட்காரவைத்துவிட்டு வரிசைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் நாற்காலி காலி. கூப்பிட்டால் பதில் சொல்ல அம்மாவுக்குக் குரல் இல்லை. யாராவது பெயர் கேட்டாலும் சொல்ல முடியாது. தொண்டர்கள் செல்வியின் கைப்பேசியில் இருந்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இப்போதுதான் எல்லாப் படத்தையும் அழகுபடுத்தி எடுக்கிறார்களே! பாக்கியம் மாவு பூசின மாதிரி வெளுத்து, கண் இரண்டு மடங்காக, கன்னம் ரோஜாவாக இருந்தார். தொண்டர் படைத் தலைவர், "இது ஒங்க அக்காவாம்மா?" என்று கேட்டார். செல்வி இன்னும் பெரிதாக அழுதாள்.

இங்கே நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேமராவை எடுத்து, அழுகிற அந்தப் பெண்ணைப் படம் பிடித்தேன். ஒன்றல்ல, மூன்று. வெளிச்சம் நன்றாக இருந்தது, கை தானாகத் தூக்கிவிட்டது. செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதையும் எடுக்குறீங்களா அக்கா?"

சத்தம்கூடப் போடவில்லை. அப்படியே கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முப்பது வருடத் தொழிலில் என்னை அப்படிக் கூனிக்குறுக வைத்த கேள்வி வேறு இல்லை. கேமராவைக் கீழே இறக்கினேன். இறக்கியபோதுதான் புத்தி வந்தது. "அடி கூமுட்டை, காலையிலிருந்து இருநூறு படம் எடுத்திருக்கிறாயே, அதற்குள் தேடினாயா?"

காலையில் எடுத்த அம்மாவும் மகளும் நின்ற படத்தை முதலில் தொண்டர்களிடம் காட்டினேன். மற்ற படங்களில் எதைத் தேடுவது? மஞ்சள் சேலை எல்லாப் படத்திலும் இருந்தது. முகம் எல்லாம் கடுகளவு. மாடியிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே போனேன். அப்போது, நான் அழித்த படம் கண்முன் வந்து நின்றது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்த முகம், தோளில் நீலம். நான் மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தேன், தேட வேண்டியது நீலத்தை.

"செல்வி, அம்மா தோள்ல அந்த நீலத் துண்டு இருந்துச்சா?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். மைக்கில் அறிவிக்க அடையாளம் கேட்டபோது சேலை, உயரம், வளையல் எல்லாம் சொன்னவள் துண்டை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வாய் ஒழுகும் என்று ஐயாயிரம் பேர் முன்னால் எந்த மகள் சொல்லுவாள்?

ஒன்பதாவதோ பத்தாவதோ படம். பச்சை நிறப் பேருந்து ஒன்று. மஞ்சள் சேலைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன. படிக்கட்டில் கால் வைத்திருக்கும் ஒருத்தியின் இடது தோளில் நீலப்புள்ளி. மிளகு அளவுகூட இல்லை. பேருந்தின் முகப்பில் கட்டியிருந்த துணிப் பதாகையைப் பெரிதாக்கினேன். பண்டார் பாரு என்ற எழுத்து தெரிந்தது. படம் எடுத்த நேரம் பதினொன்று நாற்பது. அந்தப் பேருந்து போய்க் கிட்டத்தட்ட அரை மணி ஆகிவிட்டது.

தொண்டர் படைத் தலைவர் திரையைப் பார்த்தார். "என்னக்கா, பலூனா இருக்கும். இல்லாட்டி யாரோட பையாவது. கோயிலுக்குப் பின்னால பெரிய கால்வாய் இருக்கு, நாங்க அங்க ஆள் அனுப்பப்போறோம். நீங்க இந்தப் பொண்ணைக் கொழப்பாதீங்க." அவர் சொன்னதும் நியாயம்தான். அன்னதானப் பதிவேட்டில் இருந்த பேருந்துப் பொறுப்பாளரின் எண்ணைத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான்.

அழைத்தேன். பின்னால் பாட்டுச் சத்தம்.

"இல்லம்மா, எங்க பஸ்ல வேற ஆள் யாரும் இல்ல. நாப்பத்திரண்டு பேர் வந்தோம், நாப்பத்திரண்டு பேர் ஏறியாச்சு. நானே தலைய எண்ணினேன்."

"எண்ணாதீங்க அண்ணே, ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாருங்க. தோள்ல நீலத் துண்டு குத்தின அம்மா."

"எண்ணிட்டேன்னு சொல்றேன்லா! பொண்ணுங்க மூணு மணி ஷிப்டுக்குப் போவணும், வழியில நிக்க முடியாது." வைத்துவிட்டார். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை.

இதுதான் பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். ஒரு பக்கம் ஒரு மிளகளவு நீலம். இன்னொரு பக்கம் எண்ணிப் பார்த்த நாற்பத்திரண்டு தலை. பின்னால் கால்வாய். மணி பன்னிரண்டே கால். ஒரு மணிக்குமேல் பாக்கியம் சாப்பிடாமல் இருந்தால் எங்கே விழுவாரோ தெரியாது. நான் நினைத்தது தப்பு என்றால், மகளையும் கூட்டிக்கொண்டு வீணாக நாற்பது நிமிடம் எதிர்த்திசையில் ஓடியிருப்பேன். சரியாக அந்த நேரத்தில் ஆசிரியர் பிரிவிலிருந்து அழைப்பு. "ரீத்தாக்கா, ஒரு மணிக்கு வை.பி. வர்றார், முதல் பக்கத்துக்குப் படம் கண்டிப்பா வேணும்."

எப்படி முடிவெடுத்தேன் என்று கேட்கிறீர்களா? கால்வாயில் தேட முப்பது பேர் இருந்தார்கள். பேருந்தைத் தேட என்னை விட்டால் நாதி இல்லை. அவ்வளவுதான் கணக்கு. "வை.பி. எங்கயும் தொலைஞ்சி போக மாட்டாருப்பா, அவரைச் சுத்தி எட்டு கேமரா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வை.பி. படம் வந்தது, நம் பத்திரிகையைத் தவிர. என்னை வறுத்தெடுத்தார்கள். அதற்காக இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

தொண்டர்களிடம், "நீங்க கால்வாயத் தேடுறத நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வியைக் காடியில் ஏற்றினேன். ஓட்டத் தொடங்கியதும்தான் இன்னொன்று தோன்றியது. பண்டார் பாருவுக்குப் பழைய சாலையில் போகிற பேருந்து பாடாங் செராயைத் தாண்ட வேண்டும். திருவிழா முடித்து வருகிற பேருந்துகள் எல்லாம் கழிப்பறைக்கும் தேத்தண்ணிக்கும் அங்கே ஒரு கடையில்தான் நிற்கும். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், ஊருக்கே அவர் பாய். இருபது வருடமாக எனக்குத் தேத்தண்ணி ஆற்றித் தருகிறவர்.

"என் கைப்பேசிய எடு. பாய்னு இருக்கும், கூப்பிடு. சத்தமா வை."

பாய் எடுத்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே கத்தினேன். "பாய், பச்சைப் பஸ் ஒண்ணு வந்திருக்கா? மஞ்சச் சேலைப் பொம்பளைங்க?"

"இப்பத்தான் வந்து நிக்கிதும்மா. கடை பூரா மஞ்சளா இருக்கு. என்னா வேணும்?"

"அதுல ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தேன். எதிரே லோரி ஒன்று முந்திக்கொண்டு வந்தது, நான் காடியை ஒடித்துத் திருப்பினேன். பேச முடியவில்லை. செல்வி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். பிறகு உரக்கச் சொன்னாள்.

"பாய், எங்கம்மாவுக்குப் பேச்சு வராது. வாய் ஒழுகும். எடது தோள்ல நீலத் துண்டு குத்திவிட்டிருக்கேன். வலது கை தொங்கிப்போயிருக்கும். பேரு பாக்கியம். சீனி இருக்கு பாய், சாப்பிடல. கொஞ்சம் பாருங்க பாய்!"

ஆறு மாதமாக ஒளித்து ஒளித்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பாய், "வைக்காதீங்கம்மா" என்றார். செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ மலாயில் தேத்தண்ணி கேட்கும் சத்தம். செல்வி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. பேருந்து கிளம்பப் போவதற்கு அடையாளமாக ஹாரன் இரண்டு முறை கேட்டது. நான் "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன்.

பிறகு பாயின் குரல் வந்தது. "இருக்காங்கம்மா! கீழயே எறங்கல. கடைசி சீட்டுல கண்ணாடி ஓரமா உக்காந்திருக்காங்க. நீலத் துண்டு! பேரைச் சொன்னதும் தலைய ஆட்டுறாங்க!"

செல்வி கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஸ்டீயரிங்கை ஓங்கி ஓங்கி அடித்தேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தவர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். அதன் பிறகுதான் நினைவு வந்து, கோயிலுக்கு அழைத்துக் கால்வாயில் இறங்கியவர்களை ஏறச் சொன்னோம்.

நாங்கள் பாடாங் செராய் போய்ச் சேர்ந்தபோது, பாய் பேருந்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் ஹாரன் அடிக்க அடிக்க, "மக வந்து பாக்குற வரைக்கும் பஸ் நகராது! என் மேல ஏத்திட்டுப் போ, பாப்போம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் தலையில் கைவைத்து நின்றார். விஷயம் இதுதான். அவர்கள் கூட்டத்தில் ஒரு பெண் மகன் காடியில் வீட்டுக்குப் போய்விட்டாள், சொல்லவில்லை. பாக்கியம் ஏறியதும் எண்ணிக்கை சரியாகிவிட்டது. தோட்டத்தின் மூன்று பிரிவுகளிலிருந்து வந்த பேருந்து என்பதால், இந்த அம்மா அடுத்த பிரிவு போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பாவம், ஒருத்தி கைபிடித்து ஏற்றியும் விட்டிருக்கிறாள். பாக்கியம் எந்தத் தப்பும் செய்யவில்லை. மஞ்சள் சேலையின் பின்னாலேயே போ என்றார்கள், போயிருக்கிறார்.

பொறுப்பாளர் என்னிடம் வந்தார். "மன்னிச்சிருங்கம்மா. தலைய எண்ணினேன், மொகத்தைப் பாக்கல."

"நானும் இன்னைக்கு அப்படித்தான் அண்ணே இருந்தேன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

பாய் அதற்குள் பாக்கியத்தை இறக்கி விசிறிக்குக் கீழே உட்காரவைத்திருந்தார். முன்னால் இரண்டு இட்டிலி, சீனி போடாத தேத்தண்ணி. ஒரு இட்டிலி தீர்ந்திருந்தது. பேருந்தில் இருந்த அத்தனை பெண்களும் ஷிப்டை மறந்து இறங்கிச் சுற்றி நின்றார்கள். கடை முழுக்க மஞ்சள். செல்வி அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, அம்மாவின் மடியில் விழுந்து விம்மினாள்.

பாக்கியம் இட்டிலியைத் தட்டில் வைத்தார். மகளின் முகத்தை இடது கையால் நிமிர்த்தினார். நெற்றி சுருங்கியது, கண்ணில் கோபம். தொங்கிய வாய் ஒருமுறை இழுத்தது, இன்னொரு முறை இழுத்தது. மருத்துவர்கள் இனி வருமோ வராதோ என்று சொல்லிவிட்ட குரல், கரகரவென்று, கடை முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"எங்கடி போன?"

காணாமல் போனது மகள்தான் என்று அந்தத் தாய் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "இங்கத்தாம்மா இருக்கேன், இங்கத்தான் இருக்கேன்" என்றாள். பாய் முதலில் கை தட்டினார். அப்புறம் பேருந்தில் வந்த மற்ற நாற்பத்தொரு பேரும் தட்டினார்கள்.